பேரேட்டில் ஏறாத நட்டம்

வணிகனுக்குச் சாதி ஏது? இலாபமே அவன் குலம். கையிருப்பே அவன் கோத்திரம். கணக்கே அவன் வேதம்! காசுக்குத் தீட்டு இல்லை. கல்லாப் பெட்டியில் விழும் நாணயம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. இப்படிப் பேசுவோர் நாட்டிலே பலர். மேடையிலே பேசுகின்றனர், கல்லூரி வகுப்பிலே பேசுகின்றனர், தேநீர்க் கடையிலே நாளேட்டைப் புரட்டியபடியும் பேசுகின்றனர்.

பேச்சு இனிக்கிறது. காசுக்குத் தீட்டு இல்லை என்பதும் உண்மையே. ஆனால், காசை எண்ணும் கைக்குத் தீட்டு உண்டா, இல்லையா? கல்லாவின் முன்னே நிற்பவர் எவராயினும் 'வாருங்கள், வாருங்கள்' என்று வரவேற்கும் முதலாளி, கல்லாவின் பின்னே அமர்த்த ஆள் தேடும்போது என்ன செய்கிறார்? அங்கேதான், தோழர்களே, கதை மாறுகிறது!

நாம் இரணியலில் ஆசிரியப் பணி புரிகிறோம். வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனையும், தறியோசைக்குப் பெயர்பெற்ற தெருக்களும் உள்ள ஊர். இங்கே பிள்ளைகள் படிக்கின்றனர், நன்றாகவே படிக்கின்றனர். நாம் ஆசிரியரான முதலாண்டில் நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒருவன், பின்னாளில் வணிகவியல் பட்டம் பெற்றான். கணக்கு அவனுக்குக் கைவந்த கலை. அருகிலுள்ள நகரில் பெரிய கடையொன்றுக்குக் கணக்கர் தேவை என்று விளம்பரம் கண்டான், சென்றான். முதலாளி கேட்ட கேள்விகளை அவன் வாயாலேயே நாம் கேட்டோம்.

"தம்பிக்கு வீடு எங்க? இரணியலா? இரணியல்ல எந்தப் பக்கம்?"

சொன்னான்.

"அப்பாவுக்கு என்ன சோலி?"

அதையும் சொன்னான்.

"சரி, சொல்லி அனுப்புதோம்."

வரவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. செலவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஐந்தொகை போடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை இல்லை! தெருவைக் கேட்டார், தொழிலைக் கேட்டார், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டார். 'சொல்லி அனுப்புதோம்' என்ற அந்தச் சொல் இன்றுவரை வந்து சேரவில்லை. அந்த நாற்காலியில் முதலாளியின் உறவினர் மகன் அமர்ந்தான். அவன் எழுதும் கணக்கைத் திருத்துவதற்கு வெளியாள் ஒருவருக்குத் தனியே கூலி கொடுக்கின்றனர் என்று பிறகு அறிந்தோம்.

நம் மாணவன் அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. கணக்கன் அல்லவா? ஒரு கணக்கையே கேட்டான்: "சாரே, அவருக்கு நட்டந்தானே? பிறகு எதுக்கு அப்பிடிச் செய்யாரு?"

கேள்வி சிறிது. அதற்கு விடை தேடிப் பொருளியல் அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நூல்களை எழுதிக் குவித்துள்ளனர்!

1957-இல் அமெரிக்க அறிஞர் கேரி பெக்கர், பாகுபாட்டின் பொருளியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1992-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் கூறியதன் சாரம் இது: வெறுப்பு என்பதும் ஒரு நுகர்பொருள். பட்டு வேட்டியை விரும்புவோன் அதற்கு விலை கொடுப்பதுபோல, தனக்குப் பிடிக்காத குலத்தாரை அருகில் சேர்க்க மறுக்கும் முதலாளியும் அந்த மறுப்புக்கு விலை கொடுக்கிறார். விலை எங்கிருந்து போகிறது? அவருடைய இலாபத்திலிருந்து!

கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் கணக்கருக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். திறமை மிக்கவன் வந்தால் கடைக்கு அவனால் 26,000 ரூபாய்ப் பயன். திறமை குறைந்தவன் வந்தால் 21,000 ரூபாய்ப் பயன். முன்னவனை ஒதுக்கிப் பின்னவனைத் 'தன் ஆள்' என்று அமர்த்தும் முதலாளி மாதந்தோறும் இழப்பது 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000. பட்டு வேட்டி வாங்கியிருந்தால் உடுத்திக்கொள்ள வேட்டியாவது மிஞ்சியிருக்கும். சாதிப் பற்றுக்கு அவர் கட்டிய இந்தச் சந்தாவுக்குக் கைச்சாத்துக்கூடக் கிடைக்காது!

இங்கே சிலர் இடைமறிப்பர். "அப்படியானால் கவலை எதற்கு? எதிர்க்கடைக்காரன் அந்தத் திறமைசாலியை அமர்த்திக்கொள்வான், இலாபம் ஈட்டுவான், சாதி பார்த்தவன் கடை படுத்துவிடும். சட்டமும் வேண்டாம், கிளர்ச்சியும் வேண்டாம். சந்தையே சாதியைச் சாகடித்துவிடும்!" இது வெறும் வாய்ப்பேச்சன்று. மில்டன் ஃபிரீட்மன் என்ற பேரறிஞர் 1962-இல் ஏறத்தாழ இக்கருத்தையே ஏட்டில் எழுதினார். கென்னத் ஆரோ என்ற மற்றொரு பேரறிஞர் இதிலுள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இக்கோட்பாட்டின்படி பாகுபாடு நாளடைவில் மறைந்திருக்க வேண்டும். ஆனால், விளக்கம் தேடி வந்த அந்தப் பாகுபாடோ கண்முன்னே கல்லாக நிற்கிறதே!

ஏன் நிற்கிறது? நம் மண்ணின் வரலாற்றையே முதலில் கேட்போம்.

இரணியல் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு தாலுகா. சமஸ்தானத்தின் மிகப் பெரிய முதலாளி யார்? அரசே! அந்த முதலாளி ஆள் எடுத்த அழகைப் பாருங்கள். கோயில் நிர்வாகம் வருவாய்த் துறையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே, கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டோருக்கும், கிறித்தவருக்கும், முசுலீம்களுக்கும் வருவாய்த் துறையின் வாயில் அடைபட்டுக் கிடந்தது. நிலத்தை அளக்கவும் வரியை வாங்கவும் கோயில் தீட்டுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை! ஆயினும் 1922-இல் தேவசம் தனித் துறையாகப் பிரிக்கப்படும் வரை அந்தப் பூட்டு தொங்கியது. வரி கட்டும்போது தீட்டு இல்லை. வரியை எண்ணும்போது தீட்டு!

1863-இல் திருவனந்தபுரத்தில் ஈழவர் குடியில் பிறந்தவர் டாக்டர் பல்பு. தாய்மண்ணில் மருத்துவம் பயில இடம் கிடைக்கவில்லை. சென்னைக்குச் சென்று பயின்றார். மருத்துவராகித் திரும்பினார், தாய்மண்ணில் வேலையும் கிடைக்கவில்லை. 1891-இல் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி விண்ணப்பம் மன்னரிடம் அளிக்கப்பட்டது. ஈழவருள் மாதம் 5 ரூபாய்ச் சம்பளத்துக்கு மேல் அரசுப் பணி பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்ற செய்தி அதில் இடம்பெற்றது. 1896-இல் பல்புவின் முன்முயற்சியால் ஈழவர் 13,176 பேர் கையெழுத்திட்டுத் தனி விண்ணப்பம் அளித்தனர். கையெழுத்துகள் பெருகின, கதவு திறக்கவில்லை.

இழந்தவர் யார்? பல்பு மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடியபோது அந்நகர் மக்களுக்கு அவர் தொண்டாற்றினார். மைசூர் பெற்றது, திருவிதாங்கூர் இழந்தது. பெக்கர் சொன்ன 'எதிர்க்கடை' அன்று மைசூரில் இருந்தது. ஆனால், திருவிதாங்கூர்க் கடை படுத்துவிட்டதா? இல்லையே! அரசுக்கு அடுத்த தெருவிலே போட்டிக்கடை இல்லை. நட்டத்தை அரண்மனை ஏற்கவில்லை; நல்ல மருத்துவர் இன்றி நலிந்த நோயாளி ஏற்றான்; வரி கொடுத்த உழவன் ஏற்றான்.

இரணியலை அடுத்துள்ள நெய்யூரில், 1838-இல் இலண்டன் மிசன் சங்கத்தார் தொடங்கிய மருத்துவப் பணி இதற்கு எதிர்ச்சான்று. அரசு ஒதுக்கி வைத்த குடிகளின் பிள்ளைகளுக்கு அங்கே மருத்துவம் கற்பித்தனர், பணியும் கொடுத்தனர். எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், பின்னர் நெய்யூருக்கு வந்து பல்லாண்டு பணியாற்றினார். 'அறிவில்லை, பழக்கமில்லை' என்று அரசு கழித்த கைகளே நெய்யூரில் நாடி பிடித்தன, கட்டுப் போட்டன, உயிர் காத்தன!

"அது அரசின் கதை, போட்டி நிலவும் தொழிலில் அப்படி நடக்காது" என்று சொல்வோர் உண்டு. தறியூரில் வாழும் நமக்கு ஆலைக் கதை எளிதில் விளங்கும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் அன்று நெசவாலைகளே பெருந்தொழில். அங்கே ஆலைக்கு ஆலை போட்டி. விலைக்கு விலை போட்டி. ஆயினும் கறுப்பர் தறியருகே நெருங்க முடியவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் நெசவு வேலை செய்யக் கூடாது என்று 1915-இல் சட்டமே போட்டனர். குறைந்த கூலிக்குக் கறுப்பர் அணியணியாகக் காத்திருந்தும், பல பத்தாண்டுகள் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கூட்டும் வேலை, சுமக்கும் வேலை.

சந்தை அதை மாற்றவில்லை. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வேலையில் நிறவேற்றுமை காட்டுவது குற்றமாயிற்று. உடனே அந்த ஆலைகளில் கறுப்பர் எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்தது. ஆள் பற்றாக்குறை மட்டும் இதற்குக் காரணமன்று, அரசின் சட்டமும் நெருக்குதலும் முதன்மையான காரணம் என்று ஜேம்ஸ் ஹெக்மனும் புரூக் பேனரும் 1989-இல் ஆராய்ந்து காட்டினர். ஆலைகள் அதனால் மூடப்படவில்லை. புதிய கைகளைக் கொண்டே ஓடின!

இலாபம் தரும் வழியை முதலாளிகள் ஏன் தாமாகவே நாடவில்லை? ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அறிஞர் 1976-இல் நம் நாட்டுச் சாதி முறையையே எடுத்துக்காட்டாக்கி இதற்கு விடை சொன்னார். சாதிக் கட்டை மீறுகிறவனைச் சுற்றத்தார் தள்ளிவைப்பர். அவனுக்குச் சரக்கு கொடுப்பவன் முகம் திருப்புவான். கடன் கொடுப்பவன் கை மூடுவான். பெண் கொடுப்பவன் வாசல் ஏறான். அந்தத் தண்டனைக்கு அஞ்சி, தனியாக நின்றால் சாதி பார்க்காதவன்கூடக் கூட்டத்தில் சேர்ந்து பார்க்கிறான். திறமைசாலியால் வரும் 60,000 ரூபாயைவிடத் தள்ளிவைப்பால் வரும் நட்டம் பெரிதென்று கணக்கிடுகிறான். ஒவ்வொருவன் கணக்கும் சரி. ஊர்க் கணக்கு முழுவதும் தவறு!

நம் மாணவன் கேட்ட கேள்விக்கு இது ஒரு விடை. இன்னொரு விடையும் உண்டு. முதலாளியின் கண்ணுக்கு அந்த நட்டமே தெரிவதில்லை! கொடுத்த சம்பளம் பேரேட்டில் ஏறுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது, எலி கடித்த மூட்டைகூட ஏறுகிறது. வாசல்வரை வந்து திரும்பிப் போன திறமை எந்தப் பக்கத்தில் ஏறுகிறது? எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதப்படாத நட்டத்தை எவன் குறைக்க முற்படுவான்?

'இவையெல்லாம் பழங்கதை' என்று தள்ள முடியாது. 2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒத்த படிப்பு, ஒத்த தகுதி, பெயர் மட்டுமே வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடுகையில், நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முசுலீம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! முகத்தைக் காணவில்லை, குரலைக் கேட்கவில்லை. பெயரிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. 2012-இல் வந்த மற்றோர் ஆய்வு, இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தது. அந்த நாற்காலிகளில் ஏறத்தாழ 93 விழுக்காடு முற்பட்ட சாதியினருடையவை. திறமை இந்த அளவுக்கா ஒருசில தெருக்களிலே மட்டும் முளைக்கிறது?

"சாதி பார்க்கவில்லை, நம்பிக்கை பார்க்கிறோம். நம் ஆள் என்றால் கல்லாவை நம்பி ஒப்படைக்கலாம்" என்பது சில முதலாளிகளின் வாதம். இதனைச் சிரித்து ஒதுக்க வேண்டா. இதில் ஒரு துளி உண்மை உண்டு. தெரிந்தவர் பரிந்துரைத்த ஆளைச் சேர்ப்பது ஆள் தேடும் செலவைக் குறைக்கும். ஆனால், தெரிந்தவர் வட்டம் சாதி வட்டமாகவே இருக்குமானால், நேர்மைக்கும் பிறப்புக்கும் முடிச்சுப் போடப்படுகிறது. உறவினர் கையாடல் செய்த கடைகளை நாஞ்சில் நாட்டார் கண்டதே இல்லையா? நம்பிக்கையைச் சோதிக்க முன்பணி செய்த இடத்தின் சான்று உண்டு, தகுதிகாண் காலம் உண்டு, தணிக்கை உண்டு. தெருவின் பெயரைக் கேட்பது எந்தத் தணிக்கையில் சேரும்?

அவநம்பிக்கை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் விந்தையும் உண்டு. பிரான்சு நாட்டில் மளிகைத் தொடர்கடை ஒன்றின் 34 கிளைகளில் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க வழிவந்த புதிய காசாளர்கள், தங்கள்பால் உள்ளூர வெறுப்புக் கொண்ட மேலாளரின் கீழ் அமர்ந்த நாள்களில் மெதுவாக வேலை செய்தனர். மிகுதியாக விடுப்பும் எடுத்தனர். வெறுப்பற்ற மேலாளரின் கீழ் அதே கைகள் விரைந்து இயங்கின! அந்த மேலாளர்கள் திட்டினார்களா? இல்லை. பேசாமல் ஒதுங்கி நின்றனர், அவ்வளவே. ஒதுங்கி நின்றவன் கண்ணில், ஒதுக்கப்பட்டவன் சோம்பேறியாகத் தெரிந்தான். 'நாம் அப்போதே சொன்னோமே' என்று மார்தட்டும் முதலாளிகளே, கையைக் கட்டியவர் யார் என்று கேட்டுப் பார்த்தீரா?

வெறுப்பு உச்சத்துக்குச் சென்றால் இழப்பு எவ்வளவு என்பதற்கு செர்மனி சான்று. 1933-இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின், பெரிய நிறுவனங்களிலிருந்து யூத மேலாளர்கள் விரட்டப்பட்டனர். அவர்களை இழந்த நிறுவனங்களின் பங்கு விலை வீழ்ந்தது, ஈவுத்தொகை குறைந்தது, பத்தாண்டு கடந்தும் மீளவில்லை. நாட்டின் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 1.8 விழுக்காட்டுக்கு ஈடான மதிப்பு அழிந்தது என்று 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே நிகழ்ந்த மனிதப் பேரழிவின் முன்னே இந்தப் பண நட்டம் ஒரு தூசு. ஆயினும் 'தூய்மை' செய்தால் தொழில் செழிக்கும் என்ற பொய்யைத் தகர்க்க அந்தத் தூசே போதும்!

தோழர்களே, முதலாளியின் இலாபம் குறைகிறதே என்று கண்ணீர் வடிக்க நாம் வரவில்லை. அவருக்கு 60,000 குறையலாம். மாளிகை மாளிகையாகவே இருக்கும். ஒதுக்கப்பட்டவனுக்குக் குறைவது வாழ்வு. நம் மாணவன் இன்று திருப்பூரில், ஊரையும் தாயையும் பிரிந்து, ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறான். அவன் வென்றுவிட்டான் என்று மகிழ்கிறோம். ஆனால், அவன் தம்பி கேட்கிறான், 'அண்ணனுக்கே இங்கே கிடைக்கவில்லை, நான் எதற்குப் படிக்க வேண்டும்?' என்று. அந்தக் கேள்வி பரவினால் பள்ளிக்கூடங்களில் இருக்கைகள் வெறுமையாகும். அடுத்த தலைமுறையில் 'தகுதியான ஆளே இல்லை' என்று முதலாளி உதட்டைப் பிதுக்குவார். விதையை வறுத்துவிட்டு விளைச்சல் இல்லை என்று நிலத்தைப் பழிக்கும் கொடுமை அது!

ஆகவே, செய்ய வேண்டியது என்ன?

நம் அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்பு அரசுப் பணியில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் பிறந்து, 1928-இல் நடைமுறை கண்ட வகுப்புவாரி ஆணையின் மரபு, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் முகத்தையே மாற்றியது. தனியார் கடையின் வாசலிலோ அந்த ஒளி இன்னும் விழவில்லை. தீண்டாமைக்கு எதிராக 1955-இலும், வன்கொடுமைக்கு எதிராக 1989-இலும் வந்த சட்டங்கள் உள்ளன, தேவையானவை. ஆனால், குற்றத்தை மெய்ப்பிக்கச் சாட்சி வேண்டும். பதில் வராத விண்ணப்பத்துக்குச் சாட்சி யார்?

வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை ஒதுக்கும் வழக்கம் தொழிற்கூடங்களில் வேரோடியிருந்தது. 1989-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தம்மிடம் எந்தச் சமயத்தார் எத்தனை பேர் பணிபுரிகின்றனர் என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். தனி ஒருவன் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை; எண்களே சாட்சி சொல்லும்! அத்தகைய கணக்கை நம் நாட்டுப் பெரிய நிறுவனங்களிடமும் கேட்போம். பெயரும் ஊரும் மறைத்த எழுத்துத் தேர்வை முதலில் வைக்கச் சொல்வோம். தெருவையும் தந்தையின் தொழிலையும் கேட்கும் நேர்காணலுக்குத் தடை கேட்போம்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டா. நம் இளைஞர் கையில் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. சிறு கடைகள் உண்டு. நாளை பெருந்தொழில்களும் வரும். அங்கே ஆள் எடுக்கும் நாற்காலியில் நீங்கள் அமரும்போது, உங்கள் நாக்கின் நுனியிலும் அந்தப் பழைய கேள்வி வந்து நிற்கும். 'நம்ம ஆளா?' என்று கேட்கத் தூண்டும். நேற்று ஒதுக்கப்பட்டவர் இன்று ஒதுக்கத் தொடங்கினால், கடைப் பலகையில் பெயர் மாறியிருக்கும், கடை மாறியிருக்காது. அந்தக் கேள்வியை விழுங்குங்கள். கணக்கைக் கேளுங்கள், கைத்திறனைக் கேளுங்கள்!

பேரேட்டில் ஏறாத நட்டத்தைப் பொதுமக்கள் கண்முன்னே எழுதிக் காட்டுவது பகுத்தறிவாளர் கடமை. ஊர்தோறும் எழுதுங்கள். எந்த வாசலில் எந்தத் திறமை திரும்பிச் சென்றது என்று எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். தொகையைக் கண்டு, சாதி பார்த்தவரும் ஒருநாள் அதிர்ந்து போவார்!